பல் வலியா, அவசரமா? மும்பைத் தமிழர்கள் போனில் கேட்கும் கேள்விகள்

சயான் கோலிவாடாவில் ஒரு பல் கிளினிக்கில் போன் எடுப்பது என் வேலை. தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர் என்று சுற்றுவட்டாரத் தமிழர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். டோம்பிவிலி பக்கம் வீடு மாறிப் போனவர்களும் பழைய நம்பரைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எங்கள் டாக்டரம்மா வழக்கமாகச் சொல்லும் பதில்களைச் சேர்த்து, அவரிடமே காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன். டாக்டரிடம் போய்ச் சேரும் வரை என்ன செய்வது, எவ்வளவு சீக்கிரம் போவது, இவ்வளவுதான் இங்கே இருக்கிறது. வைத்தியம் அவர் கையில்.

1. பல் வலி உயிர் போகுது. இது எமர்ஜென்சியா, இல்லையா?

நான் முதலில் நான்கு விஷயம் கேட்பேன். முகத்திலோ கழுத்திலோ வீக்கம் இருக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? வாயைத் திறந்தால் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடிகிறதா? நான்குக்கும் நல்ல பதில் வந்தால், வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காலை வரை சமாளிக்கலாம். ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்தி மூன்றாம் கேள்வியில் இருப்பதைச் சொல்வேன்.

வலியை வைத்து அவசரத்தை அளக்க முடியாது. ராத்திரி முழுக்க அழ வைக்கும் சொத்தைப் பல் காலை பத்து மணி வரை பொறுக்கும். வலியே இல்லாத சில வீக்கங்கள் பொறுக்காது. அடிபட்டு முழுசாக வெளியே வந்த நிலைப்பல்லும் அப்படித்தான். பெரிதாக வலிக்காது, ஆனால் அதற்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், தாடை எலும்பில் அடி, இவையும் உடனே பார்க்க வேண்டியவை. பல் மேல் மாட்டிய கேப் கழன்றது, அடைத்தது விழுந்தது, ஐஸ்கிரீம் சாப்பிட்டால் கூசுவது எல்லாம் இந்த வாரத்துக்குள் வந்தால் போதும்.

2. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த டாக்டர் இருப்பார்? எங்க போறது?

தனியார் பல் கிளினிக் அந்த நேரத்தில் திறந்திருக்காது. பல் கல்லூரி மருத்துவமனைகள் மும்பையில் நன்றாகவே இருக்கின்றன. மும்பை சென்ட்ரல் பக்கம் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிஎஸ்எம்டி ஸ்டேஷனை ஒட்டிய செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவும் குறைவு. ஆனால் இரண்டிலும் ஓபிடி என்பது காலை நேர வேலை. சீக்கிரம் போய் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும்.

நடுராத்திரியில் வீக்கம், ரத்தம், தாடை அடி என்றால் பல் மருத்துவமனையைத் தேடி அலையாதீர்கள். பெரிய பொது மருத்துவமனையின் கேஷுவால்டிக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சயான், பரேல் கேஇஎம், நாயர், காட்கோபர் ராஜாவாடி, மேற்குப் புறநகரில் கூப்பர், எது அருகில் இருக்கிறதோ அது. மூச்சுக் குழாயைக் காப்பாற்றும் ஆட்களும் மருந்தும் அங்கேதான் உண்டு. லோக்கல் ரயில் ஓடாத நேரம் அது, மழைக்காலமென்றால் டாக்ஸியும் சந்தேகம்தான். மூச்சு சிரமம் இருந்தால் 108க்குப் போன் போடுங்கள்.

3. கன்னம் வீங்கியிருக்கு, ஆனா வலி அவ்வளவா இல்ல. அப்போ பயமில்லதானே?

வீக்கம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஈறில் பட்டாணி அளவு கொப்புளம் என்றால் நாளைக்கு வரலாம். கன்னம் உப்பியிருந்தால் இன்றைக்கே வர வேண்டும். கீழ்த்தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீங்கினாலோ, மேலே கண் இமை வரை ஏறினாலோ, இந்த நிமிடமே கேஷுவால்டி.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் தாடை எலும்பில் ஆழமாக இறங்கியிருக்கும். அந்த வேர் நுனியில் கட்டும் சீழ் நாக்குக்கு அடியில் உள்ள மெல்லிய திசுவுக்குள் இறங்கினால், அதைத் தடுத்து நிறுத்த அங்கே பெரிய சுவர் எதுவும் இல்லை. நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். வாய்க்குள் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் மாறும். எச்சிலை விழுங்க முடியாமல் ஓரத்தில் வழியும். படுத்தால் மூச்சு முட்டுவதால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். டாக்டர்கள் இதை லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்பார்கள். சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடக் கூடியது. இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். அவரைப் படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே அழைத்துப் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். பல் வீக்கத்தோடு வருகிறவரிடம் டாக்டரம்மா முதலில் சுகர் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார். வாய் வலியால் சாப்பிடாமல் இருந்துகொண்டு வழக்கமான அளவில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அதில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சாப்பிட முடியவில்லை என்பதை உங்கள் சுகர் டாக்டரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வீக்கத்துக்குச் சூடா ஒத்தடம் கொடுக்கலாமா?

வெளிக் கன்னத்தில் சூடு வேண்டாம். சீழ் தோலை நோக்கி வரத் தூண்டும், கடைசியில் கன்னத்தில் துளை விழுந்து தழும்போடு நிற்கும். துணியில் சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், பிறகு கொஞ்ச நேரம் இடைவெளி. வாய்க்குள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது நல்லது. தைலம் தேய்க்க வேண்டாம்.

5. மெடிக்கல்ல என்ன மாத்திரை கேட்டு வாங்கலாம்?

ஒவ்வாமையும் கல்லீரல் கோளாறும் இல்லாத பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 போதும், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. அதற்கும் அடங்காவிட்டால் சாப்பிட்ட பின் ஐபுப்ரோஃபென் 400. பல் வலிக்கு இரண்டும் சேர்ந்தால் நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் பக்கம் போக வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டுமே.

கடைக்காரர் கொடுக்கும் பட்டையைத் திருப்பி என்னென்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபெனோடு பாராசிட்டமாலும் இருக்கிறது. ஜீரோடால் பி-யில் ஆசிக்லோஃபெனாக்கோடு பாராசிட்டமால். அதைப் போட்டுவிட்டு மேலே ஒரு டோலோவையும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு முறை சாப்பிட்ட கணக்கு. வலி தாங்காமல் இப்படி நாள் முழுக்க அடுக்கிக்கொண்டே போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாராசிட்டமால் அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல்.

குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் மருந்து. ஆஸ்பிரின் கூடாது. நிமிசுலைடு என்ற வலி மாத்திரையை 12 வயதுக்குக் கீழ் கொடுக்க இந்தியாவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

6. போன தடவை எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் நாலு மிச்சம் இருக்கு. அதைப் போட்டுக்கட்டுமா?

வேண்டாம். பல்லுக்குள் இருக்கும் நரம்பு வீங்கி வலிக்கும்போது ஆன்டிபயாடிக் அதற்கு எதுவும் செய்யாது. அடைபட்ட இடத்தைத் திறந்துவிட வேண்டும், அது டாக்டர் கையால் நடக்க வேண்டிய காரியம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அப்போதும் மிச்சமிருந்த நாலு மாத்திரை ஒரு கணக்கே இல்லை. பாதி அளவில் அடக்கி வைத்த வீக்கம் சில நாள் கழித்து மறுபடி வரும், அப்போது எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

7. கிராம்பு எண்ணெய் வைக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா மிஷ்ரி வைக்கச் சொல்றாங்க.

கிராம்பு எண்ணெய் சரி, கொஞ்ச நேரத்துக்கு மரத்துப் போகும். பஞ்சில் ஒரே ஒரு துளி தொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் வழிந்தால் வெந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், விழுங்கினால் ஆபத்து. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்பவர்களும் உண்டு. மறுநாள் அந்த இடத்தில் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக உரிந்து வரும். அது அமிலச் சூடு.

மிஷ்ரி என்பது வறுத்துக் கருக்கிய புகையிலைத் தூள். மகாராஷ்டிராவில் பல் தேய்க்க வைத்திருக்கிறார்கள், இங்கே வந்த நம் ஆட்களில் சிலரும் பழகிவிட்டார்கள். புகையிலை கொஞ்சம் மரக்க வைப்பதால் வலி குறைந்த மாதிரி இருக்கும். பல் வலிக்காக ஆரம்பித்து, வலி போன பிறகும் காலையில் மிஷ்ரி வைக்காமல் இருக்க முடியாமல் போன பெண்கள் எங்கள் கிளினிக்குக்கு நிறைய பேர் வருகிறார்கள். அக்காவிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

8. பையன் கிரிக்கெட் ஆடறப்போ முன்பல் முழுசா வந்துடுச்சு. கையில வெச்சிருக்கேன். என்ன பண்ணட்டும்?

இந்தப் போன் வந்தால் பெயர், வயது எதுவும் எழுதாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவேன். முதலில் பையன் தெளிவாக இருக்கிறானா? மயக்கம், வாந்தி, மூக்கு காது வழியாக ரத்தமோ தெளிவான நீரோ வந்தால் பல்லை மறந்துவிட்டு சயான் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பல் அப்புறம். அவன் தெளிவாக இருந்தால், பல்லின் வெள்ளைப் பகுதியை, வெளியே தெரியும் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் லேசான இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய ஜவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். பல் மறுபடி எலும்போடு ஒட்டுவது அந்த ஜவ்வில் உள்ள உயிரணுக்களால்தான். அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துச் சுத்தமாக்கிக் கொண்டுவரும் அப்பாக்களை என்ன சொல்ல.

மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள். அதுவும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில வினாடி, தேய்க்காமல். பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் பின்பக்கம் சரிபார்த்து, வந்த குழியிலேயே மெதுவாக அழுத்தி வைத்துவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. கோணலாக இருந்தாலும் டாக்டர் நேராக்கிக்கொள்வார். மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, அப்படியே கிளம்பி வாருங்கள். உள்ளே வைக்க முடியவில்லை, அல்லது பையன் விடவில்லை என்றால் பாலில் போட்டுக் கொண்டு வரலாம், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அரை மணிக்குள் பல் குழிக்குள் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு. காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்தால் அந்த ஜவ்வு செத்துப்போகும். அப்போதும் பல்லை வைத்துக் கட்டுவார்கள், ஆனால் நாளடைவில் எலும்போடு இறுகி, வளரும் பிள்ளைக்குப் பக்கத்துப் பல்லை விடக் குட்டையாகத் தெரியும். பொதுவாக இரண்டு வாரத்துக்குப் பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டுவார்கள். வேர் முழுசாக வளர்ந்த பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனாலும் தொடங்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், பையனின் தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் நல்லது.

கோகுலாஷ்டமி சமயத்தில் தயிர்ப் பானை உடைக்கும் கோவிந்தா மனிதக் கோபுரத்திலிருந்து விழும் பிள்ளைகளுக்கும், பள்ளத்தில் பைக் இறங்கி விழுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

9. பால் எங்க கிடைக்கும் அந்த நேரத்துல? தண்ணியில போட்டா ஆகாதா? டிஷ்யூல சுத்தி வெச்சுட்டேனே!

மைதானத்துக்கு எதிரே இருக்கும் டெய்ரியிலோ கிரானா கடையிலோ அமுலோ வேறு எதுவோ, எந்தப் பாக்கெட் கிடைத்தாலும் சரி. குளிர்ந்த சாதாரணப் பால். பாதாம் பால், மோர், தயிர் ஆகாது. பால் கிடைக்காவிட்டால் பிள்ளையை ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் பல்லைப் போடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சலைனும் ஆகும். பெரியவர்கள் என்றால் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டும் வரலாம். குழந்தை விழுங்கிவிடும், அந்த வேலை வேண்டாம்.

தண்ணீர் இவற்றுக்கெல்லாம் கடைசி. வேரில் உள்ள உயிரணுக்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். இருந்தாலும் காயவிடுவதை விடத் தண்ணீர் மேல். டிஷ்யூ, கைக்குட்டை, ஜியாமெட்ரி பாக்ஸ் இவைதான் பல்லைக் காய வைத்துக் கெடுப்பவை. சுற்றி வைத்துவிட்டீர்களென்றால் இப்போதே எடுத்துப் பாலில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். எத்தனை நிமிடம் காய்ந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வைத்தியம் அதைப் பொறுத்து மாறும்.

10. குழந்தைக்கு நாலு வயசு. விழுந்தது பால் பல். அதையும் திருப்பி வெக்கணுமா?

வைக்கக் கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளை கெட்டுப்போகும். சுத்தமான துணியை வைத்து அழுத்தி, ரத்தம் நின்றதும் குழந்தையை அழைத்து வாருங்கள். பல்லையும் கொண்டு வாருங்கள், முழுசாக வந்ததா, துண்டு உள்ளே நிற்கிறதா என்று பார்ப்பதற்கு.

குழப்பம் வருவது ஆறு ஏழு வயதில். கீழ் முன்பற்கள் ஆறு வயது வாக்கிலும் மேல் முன்பற்கள் ஏழு வயது வாக்கிலும் விழுந்து முளைக்கும். நிலைப்பல் அகலமாக இருக்கும், புதிதாக முளைத்ததென்றால் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். எது என்று தெரியாவிட்டால் குழிக்குள் வைக்காமல் பாலில் போட்டு உடனே கொண்டு வாருங்கள்.

11. பல் விழல. பாதி உடைஞ்சிருக்கு. இன்னொண்ணு உள்ளே போன மாதிரி குட்டையா தெரியுது.

உடைந்த துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டு வாருங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்துவிட்டது, அன்றைக்கே வர வேண்டும். துண்டு கிடைக்கவில்லை, உதடு கிழிந்திருக்கிறது என்றால் அது உதட்டுக்குள்ளேயே இருக்கலாம். தையல் போடுகிற டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் தெரியும்.

உள்ளே போன பல்லை இழுக்க முயற்சி செய்யாதீர்கள். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

12. காலையில பல் எடுத்தேன். இன்னும் ரத்தம் வந்துட்டே இருக்கு.

எச்சிலோடு இளஞ்சிவப்பாக வருவது ஒரு நாள் வரை சகஜம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். துப்பித் துப்பிப் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்கு நிற்பதில்லை. கட்டிய ரத்தக்கட்டி ஒவ்வொரு முறையும் கழன்று வருகிறது.

சுத்தமான காஸ் துணியைத் தடிமனாக மடித்து, லேசாக நனைத்து, குழியின் மேல் வைத்து இறுக்கிக் கடியுங்கள். கடிகாரம் பார்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. காஸ் இல்லையென்றால் நனைத்து ஆறவைத்த டீ பேக் நன்றாக வேலை செய்யும், அதிலிருக்கும் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருங்கள். கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் குடிப்பது, சூடான சாயா, சிகரெட் இன்றைக்குக் கிடையாது. இப்படி இரண்டு முறை கடித்த பிறகும் வாய் நிறைய ரத்தம் வந்தால் டாக்டருக்குப் போன், ராத்திரியானால் கேஷுவால்டி.

13. எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு, எக்கோஸ்பிரின் சாப்பிடறேன். அதை நிறுத்திட்டா ரத்தம் நிக்குமே?

நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் குழியில் வரும் ரத்தத்தை அழுத்தியும், தையல் போட்டும், மருந்து வைத்தும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டில் ரத்தம் கட்டினால் உயிருக்கு ஆபத்து. எக்கோஸ்பிரின் போலவே ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் எல்லாவற்றுக்கும் இதே பதில். பல் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள். இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

14. பல் எடுத்து மூணு நாள் ஆச்சு. அன்னிக்கு வலியே இல்ல, இன்னிக்குக் காது வரைக்கும் இழுக்குது. ஏன்?

குழியில் இருந்த ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ எலும்பு திறந்து கிடக்கலாம், டிரை சாக்கெட் என்பார்கள். குறையவேண்டிய வலி இரண்டாம் மூன்றாம் நாளில் கூடும், வாயில் கெட்ட வாடை வரும். புகை பிடிப்பவர்களுக்கும், கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் அதிகம். வீக்கம், காய்ச்சல் இல்லாவிட்டால் ஆபத்தில்லை, ஆனால் மாத்திரைக்கு அடங்காத வலி. டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் நாற்காலியை விட்டு எழும் முன்பே முகம் மாறிவிடும்.

15. நேத்து ஊசி போட்டுப் பல் அடைச்சீங்க. இன்னிக்குப் பாப்பா உதட்டுல சீழ் வெச்சிருக்கு!

கோபமாக வரும் போன் இது. பெரும்பாலும் அது சீழ் கிடையாது. மரத்துப் போன உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்துவிடுகிறது, வலி தெரியாததால் நிறுத்துவதுமில்லை. மறுநாள் உதடு வீங்கி, மேலே வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் படியும். அது ஆறிவரும் புண்ணின் மேல்தோல். சுரண்டாதீர்கள், வாசலின் தடவுங்கள், காரம் இல்லாமல் கொடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் ஆறிவிடும். காய்ச்சல் வந்தால், வீக்கம் நாளுக்கு நாள் கூடினால் அழைத்து வாருங்கள். அடுத்த முறை மரப்பு விடும் வரை, இரண்டு மூன்று மணி நேரம், கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

16. கேப் கழண்டு விழுந்துடுச்சு. நாளைக்குக் கல்யாணம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கட்டுமா?

ஐயோ, வேண்டாம். அந்தப் பசை ஈறை எரிக்கும், கேப் கோணலாக ஒட்டிவிட்டால் பல்லோடு சேர்த்து உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் வையுங்கள். மெடிக்கலில் பல்செட் ஒட்டும் க்ரீம் கிடைக்கும், அதில் கொஞ்சம் தடவி மாட்டினால் போட்டோ எடுக்கும் வரை நிற்கும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

விழுங்கிவிட்டால்? வயிற்றுக்குள் போனது பொதுவாகத் தானாக வெளியேறிவிடும். விழுங்கியதும் இருமல் தொடங்கினால், மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தால், அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். அப்போது உடனே ஆஸ்பத்திரி.

17. மனைவிக்கு ஏழாம் மாசம். பல் வலி தாங்கல. குழந்தை பிறக்கட்டும்னு மாமியார் சொல்றாங்க.

மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், சீழ் குழந்தை பிறக்கும் வரை காத்திருக்காது. அவசர வைத்தியம் எந்த மாதத்திலும் செய்யலாம். பல்லுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு, தேவைப்பட்டால் எடுக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென் இந்த மாதத்தில் கூடாது. நாற்காலியில் மல்லாக்கப் படுத்தால் தலை சுற்றும், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து படுக்க வைப்போம்.

18. பெரிசா கொட்டாவி விட்டேன், வாய் மூட மாட்டேங்குது!

இந்தப் போனை எப்போதும் கூட இருப்பவர்தான் பேசுவார். தாடை மூட்டு நழுவியிருக்கிறது. யூடியூப் பார்த்து நீங்கள் தள்ளாதீர்கள். தாடையின் கீழ் ஒரு துணியைத் தளர்வாகத் தாங்கிப் பிடித்து கேஷுவால்டிக்குக் கூட்டிப் போங்கள். பழகிய கைக்குச் சீக்கிரம் உட்கார்ந்துவிடும்.

அடிபட்ட பிறகு பற்கள் முன்பு போல் ஒன்றோடொன்று சேரவில்லை, கீழுதடு மரத்திருக்கிறது என்றால் எலும்பு உடைந்திருக்கலாம். அதற்கும் கேஷுவால்டிதான், பல் கிளினிக் போதாது.

19. அப்பாவுக்கு இடது பக்கம் கீழ்த்தாடை வலிக்குது. எந்தப் பல்லுன்னு அவருக்கே சொல்லத் தெரியல.

எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள். ஸ்டேஷன் படி ஏறும்போது வந்து, நின்றால் குறைகிறதா? வியர்வை, மூச்சு வாங்கல், நெஞ்சு இறுக்கம், கை வலி கூட இருக்கிறதா? இருந்தால் அது இதயமாக இருக்கலாம். மாரடைப்பு வலி தாடையில் மட்டும் வருவதும் உண்டு, சர்க்கரை உள்ளவர்களிடமும் பெண்களிடமும் கவனமாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் நேரம் வாங்காமல் நேரே ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள், வலி நிற்காமல் இருந்தால் 108.

மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலித்து, குனிந்தால் கூடினால் அது சைனஸாக இருக்கலாம். அவசரமில்லை.

20. ஒரு வாரமா வலிச்சுது, இப்போ தானா போயிடுச்சு. அப்பாயிண்ட்மென்ட்டை கேன்சல் பண்ணிடலாமா?

எதைத் தொட்டாலும் சுள்ளென்று வலித்த பல் திடீரென்று அமைதியானால், உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். செத்த நரம்பு வலிக்காது. ஆனால் கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சிலருக்கு ஈறில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து, உப்புக்கரிக்கும் சுவையோடு வடியும். வடிவதால் அழுத்தம் இல்லை, அதனால் வலியும் இல்லை. அந்த வழி அடைபட்டால் மூன்றாம் கேள்வியில் சொன்ன வீக்கம் வரும். அது தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலில் வருமா, இன்னும் ஒரு வருஷம் கழித்து வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வலியில்லாமல் வந்தால் வேலையும் சுலபம். சீழோடு வீங்கிய இடத்தில் மரக்கும் ஊசி சரியாகப் பிடிக்காது, இப்போது நன்றாகப் பிடிக்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று தெரிந்துவிடும். அதனால் கேன்சல் வேண்டாம். ஆபீஸ் நேரம் இடித்தால் சொல்லுங்கள், சாயங்காலத்துக்கு மாற்றி எழுதிக்கொள்கிறேன்.